கையெழுத்து வாங்கிய கையுறை

தூய்மைப் பணியாளர் ஒருவர் வேலையில் அடிபட்டாலும், நோயில் விழுந்தாலும், செத்தே போனாலும் உள்ளாட்சி அலுவலகங்களில் உடனே எழும் குரல் ஒன்றுதான்: “எல்லாம் கொடுத்திருக்கோம் சார், போடத்தான் மாட்டேங்கிறாங்க.” சுகாதார ஆய்வாளரும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரும் இதையே சொல்வார்கள். மன்றக் கூட்டத்தில் கவுன்சிலரும் இதையே சொல்வார். செய்திகளில் படித்துப் படித்து நாமும் சொல்லப் பழகிவிட்டோம். வெறுங்கையால் குப்பை பிரிக்கும் பெண்ணைப் பார்த்து “பாவம், விழிப்புணர்வு இல்லை” என்று நினைக்காத படித்தவர்கள் குறைவு.

இதைப் பச்சைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பல ஊர்களில் கையுறை கொடுக்கிறார்கள். பலர் அதைப் போடுவதில்லை. பேட்டரி வண்டியின் கைப்பிடியில் செருகியிருக்கும், இல்லாவிட்டால் வீட்டுப் பரணில் பிரிக்காத கவரோடு கிடக்கும். சொல்கிற எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதுமில்லை. பணியாளர்மேல் உண்மையான அக்கறையுள்ள சுகாதார அலுவலர்களும் சலிப்போடு இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு உண்மைகளிலிருந்து “ஆகவே குறை தொழிலாளியிடம்” என்ற முடிவுக்கு எப்படி வந்து சேர்கிறோம்? நடுவில் ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்தால்தான் அங்கே போக முடியும். ஏன் போடுவதில்லை என்ற கேள்வி அது.

அந்தக் கையுறையையே எடுத்துப் பார்ப்போம். குறைந்த விலை கேட்டவருக்கு டெண்டர். வருவது பெரும்பாலும் ஒரே அளவு, அதுவும் ஆண் கைக்கு ஏற்ற அளவு. தெருக் கூட்டுபவர்களிலும் வீடு வீடாகக் குப்பை வாங்குபவர்களிலும் பெண்கள் ஏராளம். விரல் நுனியில் அரை அங்குலம் காலியாகத் தொங்கும் ரப்பரோடு விளக்குமாற்றுக் கழியைப் பிடித்தால் பிடி நழுவும். பிரிக்கிற வேலையோ விரல் நுனியால் செய்கிற வேலை. பால் கவரிலிருந்து வெட்டியெடுத்த மூலைத் துண்டு, ஷாம்பு சாஷே, சாம்பாரில் ஊறிப் பிசுபிசுத்த காகிதம் இவற்றையெல்லாம் கிள்ளி எடுக்க வேண்டும். கையுறை தடிமனாக இருந்தால் சாஷே விரலுக்கு அகப்படாது. மெல்லியதாக இருந்தால் முதல் கண்ணாடித் துண்டிலேயே கிழியும். ஊசி நேராக உள்ளே ஏறும். மே மாதத்துக் காலை பத்து மணிக்கு உள்ளே வேர்வை தேங்கி, தோல் ஊறி வெளுத்து, விரலிடுக்கில் அரிப்பு தொடங்கிவிடும். மணிக்கட்டு வழியாக ஒருமுறை குப்பைத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் அதோடு சரி. அழுக்கு கையில் படாமல் காப்பதற்கென்று கொடுத்த பொருள் அழுக்கைக் கையோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது. அதைக் கழுவத் தண்ணீர் எங்கே? காயவைக்க இடம் எங்கே? மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய், குழந்தையின் துணி ஊறும் அதே வாளியில்தான் அலச வேண்டும்.

இத்தனையையும் சகித்துக்கொண்டு போட்டாலும் வேகம் குறையும். அவர் வீதிக்கு இத்தனை வீடு என்று கணக்கு இருக்கிறது. விசில் ஊதியதும் வாளியோடு வராத வீட்டுக்காரர், வண்டி நகர்ந்த பிறகு “வண்டியே வரல” என்று செயலியில் புகார் போடுவார். புகார் வந்தால் மேஸ்திரி கேட்பார். கையுறை போடாததற்கு யாரும் அன்றைக்கே எதுவும் கேட்கப் போவதில்லை. இதில் எதை விடுவது என்று அவர் முடிவெடுப்பதை அறியாமை என்கிறோம். கணக்குத் தெரிந்தவர்கள் எடுக்கும் முடிவு அது.

இன்னொன்றும் இருக்கிறது. அது நம்மைச் சுடும். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உண்டாக்கும் வீட்டுக்காரருக்கும் கடமை வைத்தன. மக்குவது, மக்காதது, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் தர வேண்டும் என்றன. நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்றன. நம் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது? நேற்றைய குழம்பு, குழந்தையின் டயப்பர், சவர பிளேடு, உடைந்த குழல் விளக்கு, சர்க்கரைக்காரர் குத்திப் போட்ட இன்சுலின் ஊசி எல்லாம் ஒரே கறுப்புக் கவரில், வாய் இறுக முடிச்சுப் போட்டு வருகின்றன. அந்த முடிச்சை அவிழ்க்கும் கை அபாயத்தில் இருக்கிறது என்றால் அபாயத்தைக் கட்டிக் கொடுத்தவர் யார்? பாதுகாப்பு விதியை அன்று காலை முதலில் மீறியவர் கேட்டுக்கு உள்ளே நிற்கிறார். அவருக்கு விழிப்புணர்வு முகாம் நடத்தினால் துண்டறிக்கையும் டீயும் தருவோம். வெளியே நிற்பவருக்கு மெமோ.

அதே விதிகள் உள்ளாட்சிக்கும் ஒன்றைச் சொல்லின. சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, பொருத்தமான காலணி, முகக்கவசம் ஆகியவை பணியாளர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அவற்றை அவர்கள் பயன்படுத்துவதையும் உறுதிசெய்ய வேண்டும். வழங்குவதோடு கடமை முடிந்தது என்று அங்கே எழுதியிருக்கவில்லை. “கொடுத்தோம், போடவில்லை” என்று ஒரு ஆணையர் சொன்னால், விதிப்படி அதன் பொருள் “என் கடமையில் பாதியைச் செய்யவில்லை” என்பதே. தற்காப்பாகச் சொல்வது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடுகிறது. அலுவலகக் கோப்பிலோ விநியோகப் பதிவேடு மட்டும் பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியிருப்பார்கள். தணிக்கைக்கு அது போதும். கொடுத்த பொருள் கைக்குப் பொருந்தியதா, எத்தனை நாளில் கிழிந்தது, கிழிந்தால் மாற்று எப்போது வந்தது என்று பார்க்க எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

சரி, எல்லோரும் தலைமுதல் கால்வரை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டே வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன மாறும்? 2025 ஆகஸ்டில் சென்னை கண்ணகி நகரில், விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர் ஒருவர் தேங்கிய மழைநீரில் கால் வைத்தார். தண்ணீரில் மின்சாரம் கசிந்திருந்தது. இறந்துவிட்டார். எந்தக் கையுறை அவரைக் காப்பாற்றியிருக்கும்? மழை பெய்த இரவுக்கு மறுநாள் இருட்டில் ஆளை அனுப்புவதற்கு முன் தெருவின் மின்பெட்டிகளையும் கேபிள்களையும் யார் பார்த்தார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. நெடுஞ்சாலை ஓரம் மண் அள்ளுபவரை இருட்டில் லாரி இடித்தால் ஒளிரும் மேலங்கி கொஞ்சம் உதவும். வேலையிடத்துக்கு முன்னால் கூம்புகள் வைத்து ஒரு தடத்தை அடைத்திருந்தால் அதைவிடப் பன்மடங்கு உதவியிருக்கும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல முடிவு. அந்தப் பேரிடருக்கு நடுவே தார்ச் சாலையில் பகல்வரை நிற்பவருக்குத் தேவை நிழலும் தண்ணீரும் மாற்றியமைத்த வேலை நேரமும். முகக்கவசம் அங்கே மூச்சைத்தான் முட்டும்.

தொழிற்பாதுகாப்பு படித்தவர்கள் எந்த நாட்டிலும் ஒரு வரிசையைச் சொல்வார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறு முறைக்கு மாறு. அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே இயந்திரத்தையோ தடுப்பையோ வை. பிறகு வேலை நேரம், பயிற்சி, மேற்பார்வை இவற்றைச் சரிசெய். எல்லாம் செய்தும் மிச்சம் இருக்கும் ஆபத்துக்குத்தான் உடம்பில் மாட்டும் கவசம். நம் உள்ளாட்சிகளில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. கடைசிப் படியில் ஆரம்பித்து, அதிலேயே நின்று, அதற்கும் தொழிலாளியைப் பொறுப்பாக்கிவிட்டால் மேலே உள்ள நான்கு படிகளையும் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த நான்கும் ஆணையர், பொறியாளர், நிதிக்குழு இவர்கள் கையில் இருப்பவை. ஐந்தாவது மட்டும்தான் தொழிலாளியின் கையில். பழி எங்கே போய் விழுகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் ஆச்சரியம் ஏதுமில்லை.

பாதாளச் சாக்கடை விஷயத்தில் இந்த வாதம் இன்னும் கொடூரமானது. நாட்டில் சாக்கடை மரணங்கள் அதிகம் பதிவான மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருக்கிறது. ஆள்நுழைவுக் குழிக்குள் ஒருவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்கிய இன்னொருவரும் விழுகிறார். அன்று மாலையே “மாஸ்க் கொடுத்திருந்தோம்” என்றோ “நாங்கள் இறங்கச் சொல்லவில்லை” என்றோ விளக்கம் வந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடுக்குத் துணி முகக்கவசம் வெறும் துணிதான். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு கூடும்போது நாற்றத்தை உணரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். அழுகிய முட்டை வாடை போய்விட்டது, பயமில்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அனுபவசாலியும் இதில் ஏமாறுவார். வாயுவை அளக்கும் கருவி ஏமாறாது. அந்தக் கருவியை வாங்க வேண்டியவர் குழிக்குள் இறங்குபவர் அல்ல.

சட்டம் இங்கே மூடுமந்திரமாகப் பேசவில்லை. மனிதக் கழிவகற்றும் பணிக்குத் தடை விதித்து மறுவாழ்வுக்கு வழிசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவசமும் கருவியும் தராமல், முன்னெச்சரிக்கைகள் பின்பற்றப்படுவதை உறுதிசெய்யாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவதே குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் கீழ் வந்த விதிகள், நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது, புதுக்குழாயைப் பழைய குழாயோடு இணைப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே, அதுவும் முழுக் கவசத்தோடு, ஆள் இறங்க இடம் தருகின்றன. வேறு எந்தத் தவிர்க்க முடியாத காரணம் என்றாலும் உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுதிவைத்து, எழுத்தில் அனுமதி தர வேண்டும். ஒரே மூச்சில் 90 நிமிடத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவே 30 நிமிட ஓய்வு தர வேண்டும். குறைந்தது பத்து லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு இருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு சாவின்போதும் நிருபர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி “மாஸ்க் போட்டிருந்தாரா?” என்பது அல்ல. “ஆணையரின் எழுத்துபூர்வ அனுமதி எங்கே?” என்பதே. அனுமதி இருந்தால் அதில் என்ன காரணம் எழுதியிருக்கிறது? இல்லையென்றால் யார் அனுப்பினார்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே நாம் நிவாரணத் தொகைக்குப் போய்விடுகிறோம். 2014-இல் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அது முப்பது லட்சமானது. 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதையே நிறுத்தச் சொன்னது. செத்தபின் தரும் தொகை மும்மடங்காகியிருக்கிறது. சாவதற்கு முன் எழுத வேண்டிய அந்த ஒரு தாளைத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

“போடவில்லை” என்ற சொல்லுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளி தெரிந்தே, வேண்டுமென்றே புறக்கணித்ததால்தான் நேரடியாகக் காயம் ஏற்பட்டது என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. விநியோகப் பதிவேட்டின் கையெழுத்து எதற்காக அவ்வளவு கவனமாக வாங்கப்படுகிறது என்று இப்போது புரியும். ஆனால் மரணத்துக்கு இந்தச் சாக்கு பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே மூடப்பட்டுவிட்டது. பின்னாளில் நிரந்தர முழு ஊனத்துக்கும் அது மூடப்பட்டது. தொழிலாளி தவறே செய்திருந்தாலும், செத்துப்போனால் முதலாளி பொறுப்பு. அந்தக் காலனிச் சட்டம் காட்டிய தயவைக்கூட இன்றைய மன்றக் கூட்டங்களின் பேச்சு காட்டுவதில்லை.

அந்த முதலாளி யார் என்பதே குழப்பமாகி நாளாகிவிட்டது. தெரு நகராட்சியுடையது, குப்பை நகராட்சியுடையது, புகார் செயலியும் நகராட்சியுடையது. ஆள் மட்டும் ஒப்பந்ததாரருடைய ஆள். கையுறை கிழிந்தால் நகராட்சி நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் ஒப்பந்தத் தொகையைக் காட்டும். 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே ஓய்வறை, கழிப்பறை, கைகால் கழுவும் வசதி ஆகியவற்றை ஒப்பந்ததாரர் செய்யாவிட்டால் முதன்மை முதலாளி செய்துகொடுத்துவிட்டுப் பிறகு பணத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இந்த வசதிகளை நேராகவே முதன்மை முதலாளியின் தலையில் வைத்துவிட்டது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. பெருமைப்படலாம். ஆனால் அரசின் கீழுள்ள நகராட்சியில், மாதவிடாய் நாளில் ஆறு மணி நேரம் தெருவில் நிற்கும் பெண் தெரிந்த வீட்டுக்காரர் யாரிடமாவது கெஞ்சித்தான் கழிப்பறை போக வேண்டியிருக்கிறது.

“ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டுபவரைக் குற்றம் சொல்கிறோமே, இவரை ஏன் சொல்லக் கூடாது?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். புதிய தொகுப்புச் சட்டமும் தொழிலாளிக்குக் கடமை வைக்கிறது: தன் பாதுகாப்பிலும் பிறர் பாதுகாப்பிலும் கவனம் வேண்டும், வகுத்த விதிகளைப் பின்பற்ற வேண்டும். ஆனால் வண்டி ஓட்டுபவர் தன் தலைக்கேற்ற ஹெல்மெட்டைத் தானே கடையில் போட்டுப் பார்த்து வாங்குகிறார். எப்போது கிளம்புவது, எந்த வழியில் போவது, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது எல்லாம் அவர் இஷ்டம். தூய்மைப் பணியாளருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. பொருளைத் தேர்ந்தெடுத்தவர் வேறு, வேலையின் அளவை நிர்ணயித்தவர் வேறு, வேகத்தை விரட்டுபவர் வேறு. தொழிலாளிக்குக் கடமை வைத்த அதே சட்டம் அவருக்கு உரிமையும் வைக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று அவர் தகவல் சொன்னால் முதலாளி உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். தினக்கூலி ஒப்பந்தப் பணியாளர் “இந்தக் குழியில் இறங்க மாட்டேன்” என்று சொன்ன மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? அதற்கு விடை கிடைத்த பிறகு கடமையைப் பற்றிப் பேசலாம்.

கண்டிப்பு காட்டத் தெரியாதவர்களா நம் உள்ளாட்சிகள்? விடியற்காலை வருகைப் பதிவுக்கு முகத்தைப் படம்பிடிக்கும் செயலி மாநகராட்சிகளுக்கு வந்துவிட்டது. சில நிமிடம் பிந்தினால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயம் உண்டு. வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று திரையில் தெரிகிறது. வேண்டியதை வாங்கத் தெரிகிறது. அந்தத் திரையில் கிழிந்த கையுறைக்கு மட்டும் பொத்தான் இல்லை.

இதற்கெல்லாம் அடியில் சொல்லாமல் கிடக்கிற ஒன்று இருக்கிறது. “அவங்களுக்குப் பழகிப்போச்சு.” இந்த வேலையைத் தலைமுறைகளாக எந்தச் சாதிகளின் மேல் சுமத்தினோமோ அவர்களின் உடம்பு நாற்றத்துக்கும் கிருமிக்கும் ஒத்துப்போய்விட்டது என்று ஊர் நம்புகிறது. 2020-இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்பதைத் ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, நுரையீரல் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் பல நாள் நீண்ட தூய்மைப் பணியாளர் போராட்டத்தைப் போலீஸ் நள்ளிரவில் அப்புறப்படுத்தியது. மறுநாளே அமைச்சரவை சில நலத்திட்டங்களை அறிவித்தது. குப்பை கையாள்பவர்களுக்கு வரும் நுரையீரல், தோல் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரும் தனித் திட்டமும் அதில் ஒன்று. வரவேற்க வேண்டியதுதான். அதோடு, இந்த வேலை இப்போது நடக்கும் விதத்தில் நோயைத் தருகிறது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடமும் அது. பழகிப்போன உடம்புக்கு எதற்குச் சிகிச்சை?

“நிதி இல்லை, இதெல்லாம் பெரிய கனவு” என்பது கடைசித் தற்காப்பு. சாக்கடை இயந்திரங்களுக்கும் ஓய்வறைகளுக்கும் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் காசே வேண்டாத ஒன்று மாநில அரசின் கையில் இருக்கிறது. தொகுப்புச் சட்டம் பெரிய தொழிற்சாலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்கிறது. தெருக் கூட்டும் வேலை அந்தப் பட்டியலில் தானாக வராது. ஆனால் எந்த வகை நிறுவனத்துக்கும் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்லி அரசு ஓர் ஆணை போடலாம் என்று 22-ஆம் பிரிவு சொல்கிறது. குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. ஒவ்வொரு மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் அப்படி ஒரு குழு வந்தால் அடுத்த டெண்டருக்கு முன் மாதிரிக் கையுறைகளைக் கூட்டுபவர்களே ஒரு வாரம் போட்டுப் பார்த்து, எது வேண்டும் என்று சொல்லலாம். விபத்துப் பதிவேடு ஒன்று திறக்கலாம். குத்திய ஊசி, வழுக்கிய படி, இடித்த பைக், மயக்கம் போட்ட மதியம் எல்லாம் அதில் ஏறும். இன்றைக்கு உங்கள் ஊர் நகராட்சியில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட்டுக் கேளுங்கள்: கடந்த ஆண்டு உங்கள் பணியாளர்கள், ஒப்பந்தக்காரர்களின் பணியாளர்கள் எத்தனை பேர் வேலையில் காயம்பட்டார்கள், என்ன வேலையில், எந்தத் தெருவில்? எத்தனை ஜோடி கையுறை கொடுத்தோம் என்று பதில் வந்தால், கேட்டது அதுவல்ல என்று மேல்முறையீடு செய்யுங்கள்.